தாதியாவதற்கு எந்த வழி?

காணியும் கிணறும் கைவிட்டுப் போன பின்னர், பிள்ளைகளின் படிப்பே எமது குடும்பங்களுக்கு மிஞ்சிய முதல். ஒரு மகளையோ மகனையோ தாதியாக்கிவிட்டால் குடும்பம் நிமிர்ந்துவிடும் என்று பல பெற்றோர் எண்ணுகின்றனர். நியாயமான எண்ணமே. ஆனால் "தாதிப் பயிற்சி" என்ற ஒரே பெயரில் ஆறு மாதப் பயிற்சியும் நடைபெறுகின்றது, மூன்று வருடப் பயிற்சியும் நடைபெறுகின்றது. விதைநெல் வாங்கும்போது என்ன இனம், எத்தனை மாதப் பயிர் என்று கேட்டுத்தானே வாங்குகிறோம்? இதையும் அவ்வாறே கேட்டறிய வேண்டும்.

1. இரண்டு வேறு தொழில்கள்

நோயாளரைக் குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், படுக்கை மாற்றுதல், நடக்க உதவுதல் ஆகியன பராமரிப்பு உதவியாளரின் வேலைகள். இது மதிப்புள்ள வேலை. முதியோர் தொகை கூடிவரும் இக்காலத்தில் தேவையும் உண்டு.

பதிவுபெற்ற தாதியின் பொறுப்பு வேறு. மருந்தின் அளவைச் சரிபார்த்துக் கொடுத்தல், ஊசி ஏற்றுதல், நோயாளியின் நிலை மாறுவதை அவதானித்து உடனே வைத்தியருக்கு அறிவித்தல், அனைத்தையும் எழுதிவைத்தல் என்பன அதில் அடங்கும். அதற்கென நீண்ட பயிற்சியும், சட்டப்படியான பதிவும் வேண்டும். தாதியரின் பதிவுக்காக 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இலங்கைத் தாதியர் சபை அமைக்கப்பட்டது.

2. கனடாவிலிருந்து வரும் ஆலோசனை

"முதலில் பிரக்டிகல் நேர்ஸ் படி, பிறகு பெரிய நேர்ஸ் ஆகலாம்" என்று கனடாவிலுள்ள உறவினர் சொல்வதுண்டு. அங்கே அது உண்மை. ஒன்ராறியோ மாகாணத்தில் பிரக்டிகல் நேர்ஸ் என்பவர் கல்லூரியில் இரண்டு வருட டிப்ளோமா பெற்று, பரீட்சை எழுதிப் பதிவு செய்துகொண்டவர். புதிதாகப் பதிவுபெற்ற தாதியாக வர விரும்புவோருக்கு அங்கு 2005 முதல் பட்டம் தேவை. பிரக்டிகல் நேர்ஸாக இருப்பவர் முன்பு படித்ததைக் கணக்கிற் கொண்டு பட்டத்துக்குச் செல்ல இணைப்புப் பாடநெறிகள் உள்ளன.

எமது நாட்டில் அந்த ஏணி இல்லை. ஆறு மாத உதவியாளர் சான்றிதழைக் காட்டி மூன்று வருடத் தாதியர் பயிற்சியில் ஒரு நாளையேனும் குறைக்க முடியாது. இங்கே ஏணியின் அடிப்படி க.பொ.த. உயர்தர விஞ்ஞானப் பிரிவே. இப்பாடத்தில் நினைவில் வைக்க வேண்டிய முதன்மையான விடயம் இது.

3. இங்குள்ள வழிகள்

(அ) அரச தாதியர் கல்லூரி: யாழ்ப்பாணம், மட்டக்களப்பு உட்படப் பல இடங்களில் உண்டு. பயிற்சி மூன்று வருடம். பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவு வழங்கப்படும். ஆண் பிள்ளைகளும் சேர்க்கப்படுகின்றனர். விண்ணப்பம் வர்த்தமானி மூலம் கோரப்படும். தேவையான பாடங்களும் வயதெல்லையும் அதில் இருக்கும்.

(ஆ) பல்கலைக்கழகம்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் நான்கு வருடத் தாதியியல் பட்டப்படிப்பு உண்டு. அனுமதி உயர்தர இசட் புள்ளியின்படி கிடைக்கும்.

(இ) வேலை செய்துகொண்டே பட்டம்: டிப்ளோமா முடித்த தாதியருக்காக இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1994இல் தாதியியல் பட்டப்படிப்பைத் தொடங்கியது. ஆகவே முதலில் டிப்ளோமா பெற்று உழைக்கத் தொடங்குபவருக்கும் பட்டத்தின் கதவு திறந்தேயிருக்கும்.

(ஈ) பராமரிப்பாளர் பயிற்சி: தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழுடன் கூடியதைத் தெரிவு செய்வது நன்று. இத்தகைமையில் ஏழு மட்டங்கள் உள்ளன. நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம்.

4. யாருக்கு எது?

உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்துச் சித்தியடைந்த பிள்ளை, பல்கலைக்கழகத்துக்கும் தாதியர் கல்லூரிக்கும் விண்ணப்பிக்க வேண்டும். "சும்மா இருக்காமல் ஒரு கோர்ஸ் செய்யட்டும்" என்று நகையை அடகு வைத்துக் குறும்பயிற்சிக்கு அனுப்பத் தேவையில்லை. காத்திருக்கும் மாதங்களில் ஆங்கிலம் படிக்கட்டும். மருந்தின் பெயரும் நோயாளர் குறிப்பும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன.

சாதாரணதரம் முடித்து, தாதியாகவே வரவேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளை, விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் படிக்க வேண்டும். அருகிலுள்ள பாடசாலையில் அப்பிரிவு இல்லையெனில், குறும்பயிற்சிக்குக் கட்டவிருந்த பணத்தை விடுதிக்கோ பயணத்துக்கோ செலவிடலாம்.

வீட்டில் உடனே ஒரு சம்பளம் வேண்டும் என்ற நிலையில் உள்ள பிள்ளைக்குப் பராமரிப்பாளர் பயிற்சி பொருந்தும். ஆனால் அது பராமரிப்பாளர் வேலைக்கே என்பதைத் தாயும் தகப்பனும் பிள்ளையும் தெரிந்தே சேர வேண்டும். பின்னர் தாதியாக விரும்பினால் உயர்தரத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். வயதெல்லை காத்திருக்காது, அதை முன்கூட்டியே கணக்கிடுவோம்.

5. பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

• இந்த நிறுவனம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிற் பதிவு செய்யப்பட்டதா?
• சான்றிதழ் தேசிய தொழிற்தகைமையின் எந்த மட்டம்?
• இதை முடித்தவர் தாதியர் சபையிற் பதிவுபெற முடியுமா?
• செய்முறைப் பயிற்சி எந்த வைத்தியசாலையில், எத்தனை நாட்கள்?
• இடையில் நின்றால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

பதிலை எழுத்திற் கேளுங்கள். எழுதித்தர மறுக்கும் இடத்தில் பற்றுச்சீட்டு வாங்கும் நிலைக்கே போக வேண்டாம்.

6. தொலைந்த பத்திரங்கள்

இடம்பெயர்ந்தபோது பத்திரங்கள் தொலைந்திருந்தால் விண்ணப்பத் திகதி வரும்வரை பார்த்திருக்கக் கூடாது. பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிறப்பைப் பதிந்த பிரிவின் பிரதேச செயலகத்திலும், பரீட்சைப் பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திலும் பெறலாம். வதிவிடச் சான்றிதழுக்கு இப்போது இருக்கும் இடத்தின் கிராம உத்தியோகத்தரை நாட வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை நம்பிக்கையான உறவினர் வீட்டில் வைப்போம்.

குழுவாகக் கலந்துரையாடுவதற்கு

1. எமது கிராமத்தில் குறும்பயிற்சி முடித்த பிள்ளைகள் இப்போது என்ன வேலை செய்கின்றனர்? அவர்களை அழைத்துக் கேட்போமா?
2. விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலை எவ்வளவு தூரத்தில் உள்ளது? நான்கைந்து பிள்ளைகள் சேர்ந்து போய்வர என்ன ஒழுங்கு செய்யலாம்?
3. வர்த்தமானி வரும் செய்தியை அனைவருக்கும் அறிவிக்கும் பொறுப்பை யார் ஏற்பது?