நிலம் யார் பெயரில்?

நுழையும் முன்

வேலையின் பொருட்டு வெளிமாநிலம் சென்ற தமிழ்க் குடும்பங்கள் பல, வாடகை வீட்டிலோ அரசுக் குடியிருப்பிலோ வாழ்கின்றன. சொந்த வீடு வாங்கும் பேச்சு ஒருநாள் அவ்வீடுகளில் எழும். மும்பைக்கு அருகிலுள்ள டோம்பிவிலி நகரின் பழைய பகுதியில் சிறிய அடுக்குமாடி வீடு ஒன்றைத் தேடிய குடும்பத்தைப் பற்றியது இப்பாடம். குடும்பத்தாரும் அவர்கள் பார்த்த வீடுகளும் கற்பனை. இதில் வரும் சட்டமும் நடைமுறையும் உண்மை.

பாடம்

அம்பர்நாத் படைக்கலத் தொழிற்சாலையில் சுடலைமுத்து முப்பத்து மூன்று ஆண்டுகளாகப் பணியாற்றி வந்தார். தொழிற்சாலைக் குடியிருப்பில் இரண்டு அறைகளும் வாசலில் ஒரு வேப்பமரமும் கொண்ட வீடு. எட்டாம் வகுப்பில் படிக்கும் இளைய மகள் கயல்விழி, பிறந்தது முதல் அறிந்த வீடு அது ஒன்றே. ஆனால், பணியோடு வந்த வீடு பணியோடு போய்விடும். ஓய்வு பெற்ற சில மாதங்களுக்குள் சாவியை ஒப்படைத்துவிட வேண்டும். ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதங்களே இருந்தன.

ஊருக்கே திரும்பிவிடலாமே என்று உறவினர்கள் கூறினர். மூத்த மகள் டோம்பிவிலியில் செவிலியராக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கயலோ தமிழில் கொஞ்சி, மராத்தியில் சண்டையிட்டு வளர்ந்தவள். ஆகவே, திரும்பும் பேச்சு இரண்டு நாள்களுக்கு மேல் நீடிக்கவில்லை.

பணத்திற்கு வழி செய்தவர் ஆச்சி உலகம்மாள். சுடலைமுத்துவின் சேமநல நிதியும் வங்கிக் கடனும் சேர்ந்தும் தொகை எட்டவில்லை. தென்காசிக்கு அருகில் தம் பெயரில் இருந்த முப்பது சென்ட் நஞ்சையை ஆச்சி விற்றார். பத்திரத்தில் கைந்நாட்டு வைத்துவிட்டு வந்தவர், மகனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“நிலத்தைக் கொடுத்து வீடு வாங்குகிறோம். வாங்குகிற இடத்தில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டுச் சொல், முத்து.”

சுடலைமுத்து சிரித்தார். “அடுக்குமாடி வீட்டில் அதையெல்லாம் யாரும் கேட்பதில்லை, அம்மா. சுவர்தான் நமக்கு, மண் யாருக்கோ!”

ஆச்சி சிரிக்கவில்லை.

டோம்பிவிலி கிழக்கில், தொடர்வண்டி நிலையத்தை ஒட்டிய பகுதி மிகவும் நெருக்கமானது. நான்கு மாடிக் கட்டடங்கள் தோளோடு தோள் உரசி நிற்கும். ஒரு வீட்டில் தாளித்தால் எதிர்வீட்டில் தும்மல் கேட்கும். சாளரக் கம்பிக் கூண்டுகளில் துளசித் தொட்டியும் ஈரத் துணியும் இடத்திற்குப் போட்டியிடும். கீழே ஆட்டோக்கள், காய்கறிக் கூடைகள், மாலை வண்டியில் வந்திறங்கிய கூட்டம். தீபாவளிக் காலையில் ஃபட்கே சாலையில் இளைஞர்கள் புத்தாடையுடன் திரள்வதும், மராத்தியரின் புத்தாண்டான குடீ பாட்வாவன்று அப்பகுதியில் ஊர்வலம் செல்வதும் இந்நகரின் வழக்கங்கள். இட்லி மாவும் கறிவேப்பிலையும் விற்கும் கடையைத் தேடி அலைய வேண்டியதில்லை. மூத்தவளின் மருத்துவமனைக்கும் நடந்தே போகலாம். இதே பணத்திற்குப் பத்லாப்பூரின் புறநகரில் மின்தூக்கியோடு பெரிய வீடு கிடைக்கும் என்று சிலர் சொன்னதும் உண்மைதான். ஆனால், அங்கிருந்து நிலையத்திற்கு வரவே தனியாக ஒரு பயணம் வேண்டும்.

தரகர் முதலில் காட்டியது முதல் மாடி வீடு. விலை முப்பத்தாறு இலட்சம். “நானூற்று எண்பது சதுர அடி” என்றார் அவர். கயல் பள்ளிப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். கூடம் 10 அடிக்கு 14. படுக்கையறை 10 அடிக்கு 11. சமையலறை 8 அடிக்கு 8. குளியலறையும் கழிப்பறையும் சேர்ந்து 4 அடிக்கு 7. நடைவழி 3 அடிக்கு 4. கூட்டினால் 354 சதுர அடிதான் வந்தது. மீதி 126 சதுர அடி எங்கே?

தரகர் பொய் சொல்லவில்லை. வேறோர் அளவைச் சொன்னார். வெளிச்சுவர்களின் கனத்தையும் பால்கனியையும் சேர்த்துக் கணக்கிடுவது கட்டுமானப் பரப்பு. மாடிப்படி, பொது நடை முதலியவற்றில் ஒரு பங்கையும் அதன்மேல் ஏற்றினால் அது இன்னும் பெருகும். இக்குழப்பத்தைத் தவிர்க்கவே, 2016ஆம் ஆண்டின் மனைவணிகச் சட்டம் புதிய வீடுகளை உட்பரப்பைக் கூறியே விற்க வேண்டும் என்று விதித்தது. மக்கள் ‘கார்ப்பெட் ஏரியா’ என்று சொல்வது இதைத்தான். அறைகளைப் பிரிக்கும் உட்சுவர்கள் இதில் சேரும். வெளிச்சுவரும் பால்கனியும் சேரா. ஆகையால், கயலின் நாடாக் கணக்கைவிடச் சட்டக் கணக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். பழைய வீடுகள் கைமாறும்போது இன்றும் பழைய அளவே பேச்சில் புழங்குகிறது. நாடாவைக் கொண்டு செல்வதே நல்லது.

அளவு குறைந்தாலும் வீடு பிடித்திருந்தது. ஆச்சிக்கு ஏற்ற முதல் மாடி, கிழக்கு வெளிச்சம். முன்பணம் கொடுக்கச் சுடலைமுத்து ஆயத்தமானார். அதற்கு முன், வீட்டுவசதிச் சங்கத்தின் செயலாளரைப் பார்க்கச் சென்றனர்.

இங்கே ஒன்றை அறிதல் வேண்டும். தமிழ்நாட்டில் அடுக்குமாடி வீடு வாங்குவோர்க்கு நிலத்தில் ‘பிரிபடாத பங்கு’ ஒன்றும் பத்திரத்தில் எழுதித் தரப்படும். மகாராஷ்டிரத்திலோ கட்டடவாசிகள் பெரும்பாலும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்றை அமைத்துக்கொள்வர். வீடு வாங்குபவர் அச்சங்கத்தின் உறுப்பினராகிறார். அதற்கு அடையாளம் பங்குச் சான்றிதழ். நிலமும் கட்டடமும் சங்கத்தின் பெயருக்கு வர வேண்டும். அதைக் கட்டுநர் எழுதித் தர வேண்டும் என்பது 1963ஆம் ஆண்டுச் சட்டம்.

செயலாளர் ஓய்வுபெற்ற மராத்தி ஆசிரியர். சங்கக் கணக்கு, பராமரிப்புத் தொகை, தண்ணீர் வரும் நேரம் எல்லாம் சொன்னார். தந்தை எழ முற்பட்டபோது கயலுக்கு ஆச்சியின் முகம் நினைவுக்கு வந்தது.

“காகா, ஜமீன் கோணாச்யா நாவாவர் ஆஹே?” என்றாள். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதே அதன் பொருள்.

செயலாளர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு இரும்பு அலமாரியைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். அது ‘சாத்பாரா’. சாத் என்றால் ஏழு. பாரா என்றால் பன்னிரண்டு. 7, 12 என்னும் எண்களுடைய இரண்டு கிராமக் கணக்குப் படிவங்களைச் சேர்த்து வழங்கும் நிலவுரிமைச் சான்று அது. நம் ஊர்ப் பட்டா, சிட்டாவுக்கு உறவுமுறை என்று கொள்ளலாம். அதில் சங்கத்தின் பெயர் இல்லை. கட்டடம் எழுவதற்கு முன் அந்நிலத்தை வைத்திருந்தவரின் பெயரே இருந்தது. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

“கட்டுநர் எழுதித் தரவில்லை, நாங்களும் விடாமல் கேட்கவில்லை. அவர் தராவிட்டாலும் மாவட்டத் துணைப் பதிவாளரிடம் முறையிட்டு உரிமையைப் பெறலாம் என்று 2008இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கான செலவைப் பகிர உறுப்பினரில் பாதிப் பேர் உடன்படவில்லை” என்றார் அவர். பிறகு கயலைப் பார்த்து, “வீடு வாங்க வந்தவர்களில் இதைக் கேட்டவள் நீதான்” என்றார்.

இதனால் வீட்டை வாங்கக் கூடாது என்பதில்லை. இத்தகைய வீடுகள் நாள்தோறும் கைமாறுகின்றன. ஆயினும் அக்கட்டடத்திற்கு வயது நாற்பத்து நான்கு. முப்பது ஆண்டைக் கடந்த கட்டடத்தின் உறுதியை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பொறியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்று சங்கங்களின் மாதிரித் துணைவிதிகள் கூறுகின்றன. ஏதோ ஓர் ஆண்டில், இடித்துக் கட்டுவதே வழி என்று பொறியாளர் சொல்லக்கூடும். சுடலைமுத்து அப்போதும் அவ்வீட்டில் வாழ்பவராக இருப்பார். நிலம் வேறொருவர் பெயரில் இருந்தால், அன்று முதலில் நிற்பது கட்டுமான வேலையாக இராது, வழக்காக இருக்கும். போலி அனுமதிச் சான்றுகளைக் கொண்டு டோம்பிவிலியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கட்டடங்கள் எழுந்த செய்தி 2022இல் வெளிப்பட்டது. அதைச் செய்தித்தாளில் படித்த நாள்முதல் தாள்களைப் பற்றிய அச்சம் அவருக்கு இருக்கவே செய்தது. சுவர்களைப் பார்த்த மகிழ்ச்சியில் அதை மறந்திருந்தார்.

அன்று இரவு அவர் தாயிடம், “நீங்கள் கேட்டது சரிதான், அம்மா” என்றார். “சோறு ஆறுகிறது, சாப்பிடு” என்றார் ஆச்சி.

இரண்டு தெரு தள்ளி இன்னொரு வீடு கிடைத்தது. சங்கத்தின் பெயரிலேயே சாத்பாரா. ஆய்வறிக்கையும் பழுதுபார்ப்புத் திட்டமும் கோப்பில் இருந்தன. ஆனால், உட்பரப்பு 318 சதுர அடிதான். விலையோ இரண்டு இலட்சம் கூடுதல். எல்லாவற்றிற்கும் மேலாக, அது மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லை. கயல் படிகளை எண்ணினாள்: ஐம்பத்து நான்கு.

ஆச்சியின் முழங்கால் வலியை வீட்டில் எல்லாரும் அறிவர். “வேண்டாம், வேறு பார்ப்போம்” என்றார் கயலின் தாய் மாரியம்மாள். “ஏறிப் பார்க்காமல் எப்படிச் சொல்வது?” என்று ஆச்சி அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்பர்நாத்தில் வண்டி ஏறினார். பதினெட்டாம் படியில் ஒருமுறை, முப்பத்தாறாம் படியில் ஒருமுறை உட்கார்ந்தார். மேலே வந்து, சாளரத்தின் வழியே எட்டிப் பார்த்தார். கைக்கெட்டும் தொலைவில், எதிர்க் கட்டடத்தில் ஒரு மூதாட்டி முறத்தில் கோதுமை புடைத்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் சற்று நேரம் பார்த்தனர்.

“இதில் நம் நிலம் எவ்வளவு, கயல்?”

கயல் கணக்கிட்டாள். மனை 400 சதுர மீட்டர், வீடுகள் பதினாறு. வகுத்தால் 25 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 269 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி.

“அரைச் சென்ட்டுக்குச் சற்றுக் கூடுதல், ஆச்சி. ஆனால், நம் பங்கு இன்னது என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது. பதினாறு வீட்டாரும் உறுப்பினராக உள்ள சங்கத்திற்குத்தான் அது சொந்தம்.”

முப்பது சென்ட்டை விற்றவர் அரைச் சென்ட்டைக் கேட்டு முகம் சுளிப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தனர். “ஊர்ப் பொதுக்களம் மாதிரி. அதில் எல்லாரும்தான் நெல் அடித்தோம்” என்றார் ஆச்சி. பிறகு, “முன்பணம் கொடுத்துவிடு, முத்து” என்றார்.

வீடு மாரியம்மாளின் பெயரில் பதிவாயிற்று. பெண்கள் மட்டுமே வாங்குபவராக இருந்தால் முத்திரைத்தீர்வையில் ஒரு விழுக்காட்டைக் குறைக்கும் சலுகை 2021 முதல் மகாராஷ்டிரத்தில் உண்டு. முப்பத்தெட்டு இலட்சத்தில் அது முப்பத்தெட்டாயிரம் ரூபாய். பதிவுக் கட்டணம் முப்பதாயிரம். பதிவகத்தில் மாரியம்மாள் விரல்ரேகை வைத்தார். நிழற்படத்திற்குச் சிரிக்கலாமா என்று தயங்கிச் சிரித்தார்.

சில வாரங்கள் கழித்துச் சங்கம் பங்குச் சான்றிதழைக் கொடுத்தது. பழுப்பேறிய தடித்த தாள். ஐம்பது ரூபாய் மதிப்புள்ள ஐந்து பங்குகள். ஆக இருநூற்று ஐம்பது ரூபாய். புதிய தாள் அச்சிடுவதில்லை. வீடு கைமாறும்போது அதே தாளின் பின்புறத்தில் அடுத்த பெயரை எழுதிக் கையொப்பமிடுவர். முன்பு வாழ்ந்த மூவரின் பெயர்களுக்குக் கீழே நான்காவதாக மாரியம்மாளின் பெயர் மராத்தியில் இருந்தது. கயல் அதைத் தமிழில் படித்துக் காட்டினாள்.

ஆச்சி வாரத்தில் மூன்று நாள் மட்டும் கீழே இறங்குகிறார். குடிவந்த மாதமே, இரண்டாம் மாடித் திருப்பத்தில் யாரோ ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டிருந்தனர். யார் என்று கயல் வீடு வீடாகக் கேட்டாள். இதுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

சொல் அறிவோம்

பத்திரம் என்பது எழுதிக் கையொப்பமிட்ட ஆவணம். விலை கொடுத்து வாங்குவதைக் கிரயம் என்பர். ஆகவே, விற்பனை ஆவணம் கிரயப் பத்திரம் எனப்படும். சொத்தின்மீது கடனோ வழக்கோ இருப்பது வில்லங்கம். நீர்வளமுள்ள நெல்வயல் நஞ்சை. மழையை நம்பிய நிலம் புஞ்சை. கதிரடிக்கும் சமநிலம் களம். இச்சொல் போர்க்களத்தையும் குறிக்கும்.

பயிற்சி

1. பிரித்து எழுதுக: உட்பரப்பு, நிலவுரிமை, பொதுக்களம், கைந்நாட்டு.

2. தரகர் சொன்ன அளவும் கயல் அளந்த அளவும் ஏன் வேறுபட்டன?

3. “சுவர்தான் நமக்கு, மண் யாருக்கோ!” என்று சொன்ன சுடலைமுத்து பின்னர் ஏன் மனம் மாறினார்? ஐந்து வரிகளில் எழுதுக.

4. முதல் மாடி வீடா, மூன்றாம் மாடி வீடா? நீங்கள் அக்குடும்பத்தில் ஒருவராக இருந்தால் எதைத் தேர்ந்திருப்பீர்கள்? வகுப்பை இரண்டு அணிகளாகப் பிரித்துச் சொற்போர் நடத்துக.

5. நீங்கள் வாழும் வீட்டின் ஒவ்வோர் அறையையும் நாடாவால் அளந்து, மொத்தப் பரப்பைச் சதுர அடியிலும் சென்ட்டிலும் எழுதுக.

6. நிலவுரிமைச் சான்றினை நீங்கள் வாழும் மாநிலத்தில் எப்பெயரால் அழைக்கின்றனர்? அண்டை வீட்டாரிடம் அவர்கள் மொழியில் கேட்டறிந்து, அப்பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதுக.