இஸ்தான்புலில் பொழுது பார்த்துச் சாப்பிடு

அன்பு மகளுக்கு,

நவம்பரில் தோழியோடு இஸ்தான்புல் போகிறாய் என்று அண்ணன் சொன்னார். நீ போட்டுவைத்திருக்கும் சாப்பாட்டுப் பட்டியலையும் காட்டினார். டோனர், பக்லாவா, காபி என்று எல்லாமே சுல்தான் அகமது சதுக்கத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. ஹாகியா சோபியாவையும் நீல மசூதியையும் பார்க்க அந்த இடம் சரி, வயிற்றுக்குச் சரியில்லை. அந்த ஊர்க்காரர்கள் தெருவில் சாப்பிடுவதற்கு இடமும் உண்டு, பொழுதும் உண்டு.

காலையில் சிமித். வளையமாக முறுக்கிய மாவைத் திராட்சைப் பாகு கரைத்த நீரில் முக்கி, எள்ளில் புரட்டிச் சுடுகிறார்கள். தள்ளுவண்டியில் காலையிலேயே வாங்கிவிட வேண்டும். மாலைக்குள் அது விறைத்துப்போகும்.

கூடவே டீ, பால் இல்லாமல். துருக்கி என்றால் காபி என்பது வெளியூர்க்காரர் நினைப்பு. முதல் உலகப் போரோடு காபி விளையும் யேமன் துருக்கியர் கையை விட்டுப் போனது. காபி விலை ஏறியது. புதிய குடியரசு கருங்கடல் ஓரத்து ரீஸேயில் தேயிலை பயிரிட ஊக்கம் கொடுத்தது. இன்று தலைக்கு இவ்வளவு டீ குடிக்கும் நாடு உலகில் வேறில்லை. இரண்டடுக்குக் கெண்டியில் மேலே டிகாஷன், கீழே வெந்நீர். இடை சிறுத்த கண்ணாடிக் குவளையில் வரும்.

மதியம் எமினோனு படகுத்துறைக்குப் போ. சுட்ட மீனை ரொட்டிக்குள் வைத்து, வெங்காயமும் கீரையும் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். பாஸ்பரஸில் அன்று காலை பிடித்த மீன் என்று நம்பிவிடாதே. பெரும்பாலும் நார்வேயிலிருந்து உறைந்து வரும் கானாங்கெளுத்திதான். ருசிக்குக் குறைவில்லை. உள்ளூர்க் கடல் மீன் வேண்டுமென்றால் நவம்பர் நல்ல மாதம். அங்கும் பெரிய படகுகளுக்கு நம் கிழக்குக் கடற்கரை போலவே ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்குகிறது. ஆனால் ஆகஸ்ட் முடியும்வரை நீடிக்கும். தடை நீங்கியதும் பலாமுத் என்கிற சூரை இன மீன் சந்தைக்கு வரும். அதைக் கேட்டு வாங்கு. பக்கத்திலேயே ஊறுகாய்த் தண்ணீர் விற்பார்கள். புளிப்பும் உப்புமாக ஒரு குவளை. முகம் சுளிக்காமல் குடித்துப் பார்.

பொழுது சாய்ந்தால் மித்யே தோல்மா. மிளகு, பைன் விதை, சிறு உலர்திராட்சை கலந்த சோற்றை மட்டிக்குள் அடைத்து வேகவைத்தது. விற்பவர் ஒவ்வொன்றாகத் திறந்து எலுமிச்சை பிழிந்து நீட்டிக்கொண்டே இருப்பார். போதும் என்று நீ சொல்லும்வரை நிறுத்தமாட்டார். பிறகு ஓடுகளை எண்ணிக் காசு வாங்குவார். இந்தக் கடல் பண்டத்தை விற்பவர்களில் பலர் கடலே இல்லாத மார்தின் மாகாணத்தவர் என்பது வேடிக்கை. கூட்டம் மொய்க்கும் கடையாகப் பார். வெயிலில் கிடந்த தட்டைத் தொடாதே.

கோகொரெச் இரவுக்கானது. ஆட்டுக்குடலைக் கம்பியில் சுற்றிக் கரியில் வாட்டி, பொடியாகக் கொத்தி, மிளகாய்த்தூளும் ஓரிகானோவும் தூவி ரொட்டியில் வைப்பார்கள். வீட்டில் குடல் வறுவலுக்குச் சண்டை போடுகிறவள் நீ, உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தோழி சைவம் என்றால் சீ கோஃப்தே இருக்கிறது. முன்பு பச்சை இறைச்சியில் பிசைந்தது. கடைகளில் அப்படி விற்கத் தடை வந்தபின், உடைத்த கோதுமையும் ஊர்ஃபா மிளகாயும் பிசைந்து, கீரை இலையில் மாதுளைப் பாகோடு தருகிறார்கள். பருப்பு சூப்பை மட்டும் நம்பவேண்டாம். சில இடங்களில் இறைச்சிச் சாறு சேரும்.

குளிர்காலமாதலால் போஸாவை விட்டுவிடாதே. தானியத்தைப் புளிக்கவைத்த கெட்டியான பானம். மேலே இலவங்கப்பட்டைத் தூள், வறுத்த கடலை. 1876 முதல் நடக்கும் வெஃபா கடைதான் பேர்பெற்றது. ஓரான் பாமுக் 2014-ல் எழுதிய நாவலின் நாயகன் இரவுத் தெருக்களில் போஸா விற்பவன்தான்.

எங்கே சாப்பிட்டாலும் விலைப்பட்டியலைப் பார்த்தபின் உட்கார். ஒரு மதியத்தை ஆசியக் கரையில் இருக்கும் கடிக்கோய் சந்தைக்கு ஒதுக்கு. அங்கே முசா தாதெவிரென் 1987-ல் தொடங்கிய சீயா உணவகத்தில், அனடோலியா கிராமங்களில் அவர் தேடிச் சேர்த்த சமையல் கிடைக்கும். எமினோனுவிலிருந்து படகில் இருபது நிமிடம்தான்.

அன்புடன்,
சித்தப்பா