உடற்பருமனும் பேறுகாலமும்: மைசூர் ஆய்வு தரும் பாடம்

உடற்பருமன் வசதி படைத்தோரின் நோய் எனக் கருதப்பட்ட காலம் மறைந்துவிட்டது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 24 சதவீதத்தினர் மிகை எடையுடையோர். இதன் தொடக்கத்தை அறிந்து தடுப்பதே சிறந்த வழியாகும். மைசூர் மண்டி மொஹல்லாவில் நடந்த ஆய்வுகள் அத்தொடக்கத்தைக் கருப்பையிலேயே காண்கின்றன.

அங்குள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில், 1934 முதல் குழந்தைகளின் பிறப்பு எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகியவை பதிவு செய்யப்பட்டு வந்தன. அவ்வாறு பிறந்தோரை ஆய்வாளர்கள் நடுவயதில் தேடிக் கண்டு பரிசோதித்தனர். 2.5 கிலோ அல்லது அதற்கும் குறைந்த எடையுடன் பிறந்தோரில் 11 சதவீதத்தினருக்கு இதய நோய் இருந்தது; 3.1 கிலோவும் அதற்கு மேலும் இருந்தோரில் 3 சதவீதத்தினருக்கே இருந்தது. இம்முடிவு 1996இல் வெளியாயிற்று. நீரிழிவோ, நீளத்துக்கு மிஞ்சிய பருமனுடன் பிறந்தோரிடம் மிகுதியாகக் காணப்பட்டது.

1997–98இல் அதே மருத்துவமனையில் கருவுற்ற தாய்மார்களைக் கொண்டு புதிய ஆய்வு தொடங்கிற்று. பேறுகால நீரிழிவுற்ற தாய்மாரின் குழந்தைகள் பிறப்பில் பெரியனவாக இருந்தன. ஓராண்டில் அவ்வேறுபாடு குறைந்தது. ஆனால் ஐந்து வயதில், அத்தாய்மாரின் பெண் குழந்தைகளிடம் தோலடிக் கொழுப்பு மிகுந்திருந்தது. இவர்களே நாளைய தாய்மார் ஆதலால், இக்குறை அடுத்த தலைமுறைக்கும் தொடரக்கூடும்.

எனவே, கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் இரத்தச் சர்க்கரைப் பரிசோதனையும், தாய்க்குச் சத்துணவும், பிரசவத்திற்குப் பின் தாய், சேய் இருவருக்கும் தொடர் கண்காணிப்பும் இன்றியமையாதவை. குழந்தையின் எடையோடு உயரத்தையும் அளந்து பதிதல் வேண்டும். செவிலியர் அன்று ஒழுங்காக எழுதிவைத்த பதிவேடுகள் இல்லையெனில் இவ்வுண்மை வெளிப்பட்டிராது.