அடுத்த பத்தாண்டில் மருத்துவம்: கருவியின் பங்கும் நம் பங்கும்

"இன்னும் பத்தாண்டுகளில் மருத்துவரே தேவைப்பட மாட்டார்; எல்லாவற்றையும் கணினியே பார்த்துக்கொள்ளும்" என்னும் பேச்சு இன்று பரவலாகக் கேட்கிறது. நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் இது நம்பிக்கை தரலாம்; அச்சமும் தரலாம். முன்பு சொல்லப்பட்ட ஒரு கணிப்பு என்னவாயிற்று என்று பார்த்தால் தெளிவு பிறக்கும்.

2016இன் கணிப்பு

ஜெஃப்ரி ஹிண்டன் செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடி. 2024இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயறியும் மருத்துவர்களை இனிப் பயிற்றுவிக்க வேண்டியதில்லை என்று அவர் 2016இல் கூறினார். ஐந்து ஆண்டுகளில், மிஞ்சினால் பத்தாண்டுகளில், கணினி அவர்களை விஞ்சிவிடும் என்பது அவர் கணிப்பு.

அம்மருத்துவர்கள் மறைந்துவிடவில்லை, பல நாடுகளில் அவர்களுக்குப் பற்றாக்குறையே நிலவுகிறது. எனினும் கணிப்பு முழுவதும் பொய்த்ததாகவும் கூற இயலாது. சுவீடனில் 80,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்த ஓர் ஆய்வின் முதல் முடிவுகள் 2023இல் வெளியாயின. செயற்கை நுண்ணறிவின் துணை பெற்ற பிரிவில் மருத்துவர்கள் படம் பார்க்கும் வேலை 44 விழுக்காடு குறைந்தது. கண்டறியப்பட்ட புற்றுநோய்களின் எண்ணிக்கையோ குறையவில்லை.

படத்தில் ஒரு நிழலைக் காண்பது மருத்துவர் பணியின் ஒரு பகுதியே. அந்நிழல் இந்நோயாளியின் வயதோடும் பழைய நோய்களோடும் எவ்வாறு பொருந்துகிறது, அடுத்து என்ன செய்யலாம் என்று முடிவு செய்வதும், அதை அவருக்கு எடுத்துரைப்பதும் எஞ்சிய பகுதி.

கண் கற்பிக்கும் பாடம்

நீரிழிவு நோய் விழித்திரையைத் தாக்கும்போது தொடக்கத்தில் வலியோ மங்கலோ இருப்பதில்லை. பார்வை குறைவதை நோயாளி உணரும்போது பாதிப்பு பெரும்பாலும் முற்றியிருக்கும். ஆதலால்தான் ஆண்டுதோறும் விழித்திரைப் பரிசோதனை வேண்டும் என்கிறோம்.

விழித்திரைப் படத்தைத் தானே ஆராய்ந்து, கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டுமா என்று கூறும் கருவிக்கு 2018இல் அமெரிக்க அரசு முதன்முதலாக ஒப்புதல் அளித்தது. இத்தகைய மற்றொரு மென்பொருள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் ஆராயப்பட்டது. படங்களைப் பார்த்துத் தரம்பிரிப்பவர்களுக்கு அது ஈடாக இருந்ததை 2019இல் வெளியான முடிவுகள் காட்டின.

வரும் ஆண்டுகளில் இத்தகைய பரிசோதனை சிற்றூர்களுக்கும் பரவும் என எதிர்பார்க்கலாம். ஆனால், கருவி "மருத்துவரைப் பாருங்கள்" என்று சொன்ன பிறகும் நோயாளி வீட்டிலேயே இருந்துவிட்டால், கண்டறிந்ததால் பயனில்லை. லேசர் சிகிச்சையோ ஊசி மருந்தோ உரிய காலத்தில் கிடைத்தால்தான் பார்வை காக்கப்படும். அழைத்துச் செல்ல ஒருவரும், ஒருநாள் கூலியை இழக்கும் துணிவும், பேருந்துச் செலவும் அதற்குத் தேவை. இவற்றை எந்த மென்பொருளும் தராது.

இன்றே செய்யத்தக்கவை

1. பரிசோதனை அறிக்கைகளையும் மருந்துச் சீட்டுகளையும் தேதிவாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். கருவியாயினும் மருத்துவராயினும் பழைய விவரங்களோடு ஒப்பிட்டே சரியாகக் கணிக்க இயலும்.

2. கருவி தந்த முடிவாயின், "இதை மருத்துவர் பார்த்தாரா?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

3. முடிவு "இயல்பு" என்று வந்தும் தொல்லை நீடித்தால் மீண்டும் வாருங்கள். உங்கள் உடல் சொல்வதும் ஒரு சான்றே.

4. கைப்பேசி தரும் விடையை நம்பி மருந்தை நிறுத்தவோ அளவை மாற்றவோ வேண்டா.

5. அடுத்த பரிசோதனை நாளன்று உடன் வருபவர் யார் என்பதை இப்போதே குடும்பத்தில் பேசி முடிவு செய்யுங்கள்.

நோயை முன்கூட்டியே காட்டும் கருவிகள் பெருகவிருக்கின்றன. காட்டியதைக் கண்டு காலம் தாழ்த்தாமல் வருவதும், வருபவருக்குத் துணை நிற்பதும் நம் கையில் உள்ளன.