தைராய்டு நோயும் நம் வீட்டு உப்பும்

சென்ற ஆண்டு சிற்றூர் ஒன்றில் கிராம சபை கூடியிருந்தபொழுது, விவசாயி ஒருவர் எழுந்து, தம் மனைவியாரின் தைராய்டு நோய்க்காக இரண்டு ஆடுகளை விற்றுவிட்டதாகக் கூறினார். விசாரித்ததில், அப்பணம் மருத்துவர் எழுதிய மாத்திரைக்குச் செலவாகவில்லை. நோயை வேரோடு அகற்றும் எனச் சொல்லி விற்கப்பட்ட சூரணத்திற்கே சென்றது என அறிந்தோம். சூரணத்தை நம்பி மாத்திரையை நிறுத்தியதால் அம்மையாருக்கு உடல் கனத்து, குரல் கம்மி, களையெடுக்கவும் இயலாமற் போயிற்று.

தைராய்டு என்பது கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த சிறு சுரப்பியாகும். அதன் சுரப்பு குறைந்தால் சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், மாதவிடாய்க் கோளாறு ஆகியன தோன்றும். மிகுந்தால் உடல் மெலிவும் படபடப்பும் கைநடுக்கமும் உண்டாகும். இரண்டிற்கும் மருந்து வேறு. அண்டை வீட்டார் மாத்திரையை வாங்கி விழுங்குதல் ஆபத்தாகும்.

இச்சுரப்பிக்கு மூலப்பொருள் அயோடின். பெரியவர்க்கு நாளொன்றுக்கு வேண்டுவது 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிகளுக்கு 250. அது குறைந்தால் கழுத்தில் கழலை தோன்றும். பிறக்கும் குழந்தையின் அறிவு வளர்ச்சியும் குன்றும். 1956இல் இமயமலைச் சாரலிலுள்ள காங்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆராய்ச்சி, அயோடின் உப்பினால் கழலை குறைவதை மெய்ப்பித்தது. 2006 முதல், அயோடின் சேராத உப்பை மக்கள் உணவிற்கென விற்பது நாடெங்கும் தடை செய்யப்பட்டுள்ளது.

ஆயினும், மாட்டிற்கும் கருவாட்டிற்கும் என வரும் சாக்குக் கல்லுப்பு, மலிவு கருதி அடுப்பங்கரைக்கும் வந்துவிடுகிறது. கடல் உப்பில் அயோடின் இராதா என்று சிலர் கேட்பர். தூத்துக்குடி உப்பாயினும் வேதாரணியம் உப்பாயினும், இயற்கையில் அதிலுள்ள அயோடின் மிகச் சொற்பமே. தனியே சேர்த்தால்தான் உண்டு. அவ்வாறு சேர்த்த கல்லுப்பையும் நம் பெண்மணிகள் அழுக்குப் போகக் கழுவி நீரைக் கொட்டிவிடுகின்றனர். கல்லின் மேற்புறத்தில் ஒட்டியுள்ள அயோடின் அந்நீரோடு போய்விடுகிறது! உப்பை மூடியிட்ட பாத்திரத்தில் ஈரம் படாது வைத்து, குழம்பை இறக்கும் தறுவாயில் இடுதல் நலம். சோதனைத் திரவத்தின் துளி பட்டால் அயோடின் உப்பு நீலநிறம் காட்டும். சுகாதாரத் துறையினரைக் கொண்டு கடைதோறும் இச்சோதனையை நடத்துவிக்க ஊராட்சி உறுப்பினர்கள் முயலலாம்.

மரவள்ளிக்கிழங்கை நன்கு வேகவைத்து நீரை வடித்து உண்க. முட்டைக்கோசைச் சமைத்து அளவோடு உண்பதில் தீங்கில்லை.

ஆனால், உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்கி அதனால் சுரப்பு குறைந்தவர்க்கு உப்பும் உணவும் மருந்தாகமாட்டா. அயோடின் மிகுதலும் கேடே. அவர்களுக்கு லெவோதைராக்சின் மாத்திரை வேண்டும். அதை விடியற்காலையில் வெறும் வயிற்றில் நீருடன் விழுங்கி, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்தே காப்பியும் ஆகாரமும் கொள்ளவேண்டும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரங்களில் இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும். இம்மருந்து விலைக்கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது. மக்கள் மருந்தகங்களில் இன்னும் மலிவாகக் கிடைக்கும். மேற்கூறிய அம்மையார் மீண்டும் மாத்திரை உட்கொண்டு, இவ்வாண்டு நடவிற்குச் சென்றார்.

மாத்திரை உண்ணும் பெண் கருவுற்றால் அதை நிறுத்தாது உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். குழந்தை பிறந்த சில நாட்களிலேயே குதிகாலில் ஒரு துளி இரத்தமெடுத்துச் சோதிக்குமாறு கேளுங்கள். குறையிருப்பின் இரண்டு வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் குழந்தையின் அறிவு கெடாது காக்கலாம்.