மக்காச்சோள எத்தனால் தொழில்ல முதலீடு: பணம் போடுறதுக்கு முன்னாடி இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்க



போன வாரம் பாளையங்கோட்டையில இருந்து நம்ம சேனல் பார்க்கிற ஒரு அண்ணாச்சி போன் பண்ணியிருந்தாரு. ரிட்டயர் ஆகி ஆறு மாசம் ஆகுது. கையில 18 லட்சம் இருக்கு.

"தம்பி, சங்கரன்கோவில் பக்கம் மக்காச்சோளத்துல இருந்து எத்தனால் எடுக்கிற ஆலை வரப்போகுதாம். 10 லட்சம் போட்டா மாசம் 30,000 தர்றாங்களாம். பெட்ரோல்ல கலக்கிறதுக்குக் கவர்மெண்டே வாங்கிக்கிடுதுல்லா, நட்டமே வராதுன்னு சொல்லுதாங்க. போடலாமா?"

அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இன்னைக்கு விரிவா எழுதுறேன். எத்தனால் நிஜமான தொழில்தான். ஆனா "கவர்மெண்ட் வாங்குது" அப்படிங்கிறதும் "நட்டம் வராது" அப்படிங்கிறதும் வேற வேற விஷயம். ஏன்னு பார்த்துடலாம்.

முதல்ல, இந்த மவுசு எங்கிருந்து வந்துச்சு?

2013-14ல நம்ம நாட்டு பெட்ரோல்ல கலந்த எத்தனால் வெறும் 1.53 சதவீதம். 2022 ஜூன்ல அது 10 சதவீதத்தைத் தொட்டுச்சு. 20 சதவீதம் கலக்கணும்கிற இலக்கை முதல்ல 2030-க்குத்தான் வெச்சிருந்தாங்க. 2022-ல அதை 2025-26க்கே முன்னாடி இழுத்துட்டாங்க. 2025-ல 20 சதவீதத்தையும் எட்டியாச்சு. இப்போ நீங்க பங்க்ல போடுற பெட்ரோல்ல அஞ்சுல ஒரு பங்கு எத்தனால்தான்.

ஆரம்பத்துல இதுக்குக் கரும்பு ஆலைகளைத்தான் நம்பியிருந்தாங்க. 2023-ல மழை ஏமாத்துச்சு. அந்த வருஷம் ஜூலையில இந்திய உணவுக் கழகம் எத்தனாலுக்கு அரிசி கொடுக்கிறதை நிறுத்துச்சு. டிசம்பர்ல கரும்புச் சாறுல எத்தனால் எடுக்கவும் கட்டுப்பாடு வந்துச்சு. அப்புறம் என்ன மிச்சம்? மக்காச்சோளம். 2024 ஜனவரியில மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டருக்கு 5.79 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து, கொள்முதல் விலையை 71.86 ரூபாய் ஆக்குனாங்க. கரும்புச் சாறு எத்தனாலுக்கு 65.61 ரூபாய்தான். இதோட தானிய ஆலைகளுக்கு வட்டி மானியமும் உண்டு. தமிழ்நாடு அரசும் 2023-ல எத்தனால் கொள்கை வெளியிட்டுச்சு. புதுசு புதுசா ஆலைகள் முளைச்சதுக்கு இதுதான் காரணம்.

ஆலைக்குள்ள என்ன நடக்குது?

சோளத்தை மாவா அரைச்சு, தண்ணி விட்டு வேக வைப்பாங்க. என்சைம் போட்டா மாவுச்சத்து சர்க்கரையா மாறும். ஈஸ்ட் போட்டு ரெண்டு மூணு நாள் புளிக்க வெச்சு, காய்ச்சி வடிச்சு, மிச்சம் இருக்கிற ஈரத்தையும் எடுத்துட்டா எத்தனால் ரெடி. ஒரு டன் மக்காச்சோளத்துல சுமார் 380 லிட்டர் கிடைக்கும். கடைசியா மிஞ்சுற புரதச் சக்கையைக் காய வெச்சு, மாட்டுக்கும் கோழிக்கும் தீவனமா விப்பாங்க. அதுக்குப் பேரு டி.டி.ஜி.எஸ். ஒரு டன் சோளத்துக்கு ஏறக்குறைய 300 கிலோ வரும்.

இதுதான் அந்தக் கணக்கு. பேனா எடுத்துக்கோங்க

ஒரு டன் சோளத்துக்கு வரவு:

- எத்தனால்: 380 லிட்டர் × 71.86 = 27,307 ரூபாய்
- சக்கை: 300 கிலோ, கிலோ 15 ரூபாய்னு வெச்சுப்போம் = 4,500 ரூபாய்
- மொத்தம்: 31,807 ரூபாய்

இதுல சோளத்தோட விலையைக் கழிச்சு, 380-ஆல வகுத்துப் பாருங்க. ஒரு லிட்டருக்கு ஆலைக்காரர் கையில மிஞ்சுறது:

- சோளம் கிலோ 20 ரூபாய்னா: லிட்டருக்கு 31.07
- சோளம் கிலோ 23 ரூபாய்னா: லிட்டருக்கு 23.18
- சோளம் கிலோ 26 ரூபாய்னா: லிட்டருக்கு 15.28

இது இன்னும் லாபம் இல்லை. எரிபொருள், கரண்ட், என்சைம், சம்பளம், லாரி வாடகை, பேங்க் வட்டி எல்லாம் இதுக்குள்ளதான் அடங்கணும். இந்தச் செலவு லிட்டருக்கு 20 ரூபாய்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் எடுக்கிற ஆலை வருஷத்துக்கு 330 நாள் ஓடுனா 3.3 கோடி லிட்டர்.

- சோளம் 20 ரூபாய்: சுமார் 36 கோடி லாபம்
- சோளம் 23 ரூபாய்: சுமார் 10 கோடி லாபம்
- சோளம் 26 ரூபாய்: சுமார் 15 கோடி நட்டம்

அதே ஆலை, அதே ஆட்கள், அதே எத்தனால். சோள விலை கிலோவுக்கு ஆறு ரூபாய் மாறுனதுக்கே 36 கோடி லாபம் 15 கோடி நட்டமா ஆகிடுச்சு பாருங்க. கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறுனா லிட்டருக்கு 2.63 ரூபாய் போகும். இந்த ஒரு வரியை மட்டும் மனசுல எழுதி வெச்சுக்கோங்க.

டீக்கடைக்காரருக்குப் பால் விலை ஏறுனா டீ விலையை ஏத்திக்கலாம். எத்தனால் ஆலைக்கு அந்த வசதி கிடையாது. விற்கிற விலையை அரசு முடிவு பண்ணுது. வாங்குற விலையைச் சந்தை முடிவு பண்ணுது. முதலாளி நடுவுல நிக்கிறாரு, அவ்வளவுதான்.

சரி, சோளம் விலை குறைஞ்சா ஜாலியா?

அங்கேதான் அடுத்த கண்ணி இருக்கு. நிஜமாவே என்ன நடந்துச்சுன்னு பாருங்க.

2024-ல எல்லா ஆலையும் ஒரே நேரத்துல சோளம் வாங்க இறங்குனாங்க. சந்தை விலை எம்.எஸ்.பி-யைத் தாண்டிப் போச்சு. சோளத்தை ஏற்றுமதி பண்ணிட்டு இருந்த நாடு, மியான்மர், உக்ரைன்ல இருந்து இறக்குமதி பண்ற நிலைமைக்கு வந்துச்சு. கோழித் தீவனத்துல பெரும்பங்கு மக்காச்சோளம்கிறதால நாமக்கல் பண்ணைக்காரங்களுக்கும் அடி.

விலையைப் பார்த்த விவசாயிங்க 2025-ல நிறைய விதைச்சாங்க. விளைச்சல் குவிஞ்சுது. எம்.எஸ்.பி குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். ஆனா கர்நாடகத்துல 2,000-க்கும் கீழ விழுந்து, விவசாயிங்க தெருவுல இறங்கிப் போராடுனாங்க. அப்போ ஆலைக்காரங்களுக்குக் கொண்டாட்டமா இருந்திருக்கணும், இல்லையா? இல்லை. 2025-26க்கு எண்ணெய் நிறுவனங்கள் கேட்ட டெண்டருக்கு ஆலைகள் தர முன்வந்தது சுமார் 1,776 கோடி லிட்டர். ஆர்டர் கிடைச்சது சுமார் 1,048 கோடி லிட்டர். நூறு லிட்டர் தர்றேன்னு சொன்னவருக்குச் சராசரியா 59 லிட்டருக்குத்தான் ஆர்டர்.

நம்ம கணக்குக்கே திரும்பி வருவோம். அந்த 20 ரூபாய் செலவுல வட்டியும் சம்பளமும் 8 ரூபாய்னு வெச்சுக்கோங்க. ஆலை 59 சதவீதம்தான் ஓடுதுன்னா வட்டி குறையுமா? குறையாது. அந்த 8 ரூபாய், லிட்டருக்கு 13.56 ஆகிடும். சோளம் 20 ரூபாய்க்கே கிடைச்சாலும், 36 கோடி லாபம் 11 கோடிக்கும் கீழ வந்துடும்.

அதாவது ஆர்டர் நிறைய இருந்தப்போ சோளம் கிடைக்கலை. சோளம் மலிஞ்சப்போ ஆர்டர் இல்லை. இன்னொண்ணு, 1.5 சதவீதத்துல இருந்து 20 சதவீதத்துக்கு ஓடுன ஓட்டம் முடிஞ்சுபோச்சு. இனிமே கலப்பு அளவை அரசு கூட்டுனாத்தான் பெரிய பாய்ச்சல் வரும். அதை நம்பி இன்னைக்கே பணம் போடுறது, அறிவிப்பு வர்றதுக்கு முன்னாடியே கல்யாண மண்டபம் புக் பண்ற மாதிரி.

அமெரிக்காவுல நடந்த பாடம்

மக்காச்சோள எத்தனால்ல உலகத்துக்கே அண்ணன் அமெரிக்கா. அங்கே வெராசன் எனர்ஜின்னு ஒரு கம்பெனி 2006-ல ஷேர் மார்க்கெட்டுக்கு வந்துச்சு. எத்தனால் அலை உச்சத்துல இருந்த நேரம். நாட்டுலயே முன்னணி உற்பத்தியாளர்கள்ல ஒண்ணா வளர்ந்துச்சு. 2008 கோடையில சோளம் ஒரு புஷல் 7 டாலரைத் தாண்டுச்சு. இன்னும் ஏறும்னு பயந்து, உயர்ந்த விலையிலேயே வாங்க ஒப்பந்தம் போட்டாங்க. அடுத்த சில மாசத்துல விலை சரிஞ்சுது. 2008 அக்டோபர் 31 அன்னைக்கு திவால் மனு. அங்கேயும் பெட்ரோல்ல கலக்கணும்னு சட்டம் இருந்துச்சு. சட்டம் எத்தனாலுக்குத்தான் சந்தை கொடுத்துச்சு, பங்கு வாங்குனவங்களுக்கு லாபம் கொடுக்கலை.

நம்ம நெல்லைச் சீமைக்கு இது பொருந்துமா?

தாமிரபரணிப் பாசனம்னா பாபநாசத்துல இருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் நெல்லும் வாழையும்தான். மக்காச்சோளம் இருக்கிறது வடக்கே கரிசல் காட்டுல: சங்கரன்கோவில், குருவிகுளம், கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம். பெரும்பாலும் மானாவாரி. வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் விதைப்பு. மழை தவறுனாலும் போச்சு, நின்னு பெய்ஞ்சாலும் போச்சு. 2018-ல வந்த படைப்புழுவை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டாங்க.

நம்ம ஒரு லட்சம் லிட்டர் ஆலைக்குத் தினமும் 263 டன் சோளம் வேணும். வருஷத்துக்கு சுமார் 87,000 டன். ஏக்கருக்கு 2 டன்னு வெச்சாலும் 43,000 ஏக்கர் விளைச்சல் மொத்தமும் அந்த ஒரே ஆலைக்குப் போகணும். அதே மூட்டைக்கு நாமக்கல், பல்லடம் தீவன வியாபாரிங்களும் கமிஷன் கடையில காத்துக்கிட்டு நிப்பாங்க. அறுவடை முடிஞ்ச கையோட வாங்கிக் குடோன்ல அடுக்கணும்னா அதுக்குத் தனி மூலதனம், தனி வட்டி.

அடுத்தது தண்ணி. சோள மாவைக் கரைக்கவும், கொதிக்க வைக்கவும், குளிர வைக்கவும் தண்ணி இல்லாம வேலை ஆகாது. கங்கைகொண்டான் சிப்காட்ல குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணி கொடுக்கிறதை எதிர்த்து வழக்குப் போட்டு, 2016 நவம்பர்ல மதுரை ஐகோர்ட் கிளை இடைக்காலத் தடை விதிச்சுது. 2017 மார்ச்சில அந்தத் தடை நீங்குச்சு. தீர்ப்பு ஆலைகளுக்குச் சாதகமா வந்தாலும், நம்ம ஊர்ல தண்ணி எவ்வளவு நெருப்பான விஷயம்னு எல்லாருக்கும் புரிஞ்சுது. தண்ணி எங்கிருந்து வரும்னு பேப்பர்ல காட்டாத ஆலைக்குப் பணம் கொடுக்காதீங்க.

அப்புறம், காட்டாமணக்கு ஞாபகம் இருக்கா? டீசல்ல கலக்கலாம், தரிசுல வளரும், தண்ணி வேண்டாம்னு சொன்னாங்க. 2017-க்குள்ள 20 சதவீதம் கலப்புன்னு 2009 தேசியக் கொள்கையிலயே எழுதியிருந்துச்சு. நட்டவங்க பல பேரு அப்புறம் பிடுங்கித்தான் போட்டாங்க. இலக்கு வேற, வருமானம் வேற.

அப்போ எப்படித்தான் முதலீடு பண்றது?

மூணு வழி இருக்கு.

1. பட்டியலிட்ட கம்பெனிகளோட ஷேர். சர்க்கரை ஆலைகள், தானிய டிஸ்டில்லரிகள், ஆலை கட்டித் தர்ற இன்ஜினியரிங் கம்பெனிகள்னு பல வகை உண்டு. கணக்கு வெளிப்படையா இருக்கும், வேண்டாம்னா வித்துட்டு வெளியே வரலாம். ஆனா மேல பார்த்த ஏத்த இறக்கம் முழுசும் ஷேர் விலையில தெரியும். மொத்த முதலீட்டுல சின்னப் பங்குக்கு மேல போகாதீங்க.

2. நேரடியா ஆலையில பங்குதாரர். தொழில் தெரிஞ்சவங்களுக்கு, கோடிகள்ல கைப்பணம் இருக்கிறவங்களுக்கு. ரிட்டயர்மெண்ட் பணத்துக்கு இல்லை.

3. "மாசம் இவ்வளவு தர்றோம்" திட்டம். 10 லட்சத்துக்கு மாசம் 30,000னா வருஷத்துக்கு 36 சதவீதம். சோளம் ஆறு ரூபாய் ஏறுனா நட்டத்துக்குப் போற தொழில்ல, மாசா மாசம் மாறாம 3 சதவீதம் எங்கிருந்து வரும்? அடுத்து வர்றவரோட பணத்துல இருந்துதான் வரும். 2012-ல பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் விழுந்தப்போ கொங்கு மண்டலமே இதைப் பார்த்துச்சு. அங்கேயும் கோழி நிஜம்தான், வாக்குறுதிதான் பொய்.

யாராவது வந்து பேசுனா இந்த அஞ்சு கேள்வியைக் கேளுங்க:

- எண்ணெய் நிறுவனத்தோட கொள்முதல் ஒப்பந்தம் கையில இருக்கா? எத்தனை லிட்டருக்கு?
- சோளம் கிலோ 26 ரூபாய் ஆனா உங்க கணக்கு என்ன ஆகும்?
- ஆலை 60 சதவீதம்தான் ஓடுனா பேங்க் தவணை கட்ட முடியுமா?
- தண்ணிக்கும் சுற்றுச்சூழலுக்கும் அனுமதி வாங்கியாச்சா?
- நீங்க பிரைவேட் லிமிடெட்னா பொதுமக்கள்கிட்ட எப்படிப் பணம் கேட்கிறீங்க? (கம்பெனிச் சட்டப்படி பொதுமக்களை முதலீட்டுக்கு அழைக்க அவங்களுக்கு உரிமை கிடையாது.)

அண்ணாச்சி இந்தக் கேள்விகளை ஒரு தாள்ல எழுதிக்கிட்டுப் போய்க் கேட்டிருக்காரு. முதல் கேள்விக்கே, "சார், உங்களுக்கு நம்பிக்கை இல்லைன்னா விட்டுடுங்க, இன்னும் ரெண்டு சீட்டுதான் பாக்கி"ன்னு பதில் வந்துச்சாம். விட்டுட்டு வந்துட்டாரு. இப்போ பணத்துல பெரும்பகுதி சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்துல இருக்கு. வட்டி கம்மிதான், ஆனா ராத்திரி தூக்கம் வருதுங்கிறாரு.

உங்க ஊர்லயும் இப்படி ஏதாவது திட்டம் சுத்துதுன்னா இந்தப் பதிவை அப்பா, மாமா, சித்தப்பா எல்லாருக்கும் அனுப்பி வைங்க. மேல சொன்ன கணக்கை நம்ம சேனல் வீடியோவுல போர்டுல போட்டுக் காட்டியிருக்கேன். உங்க ஊர் சோள விலையை வெச்சு நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்க.

(இது பொதுவான தகவலுக்காக மட்டும். எந்த ஷேரையும் வாங்கவோ விற்கவோ சொல்லலை. முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடி செபியில பதிவு பண்ணின ஆலோசகர்கிட்ட பேசுங்க.)