மலைக்கு எடுத்துப்போகும் தோட்டா

மொன்டானாவில் அக்டோபர் பிற்பாதியில் ரைஃபிள் பருவம் திறக்கும். அதற்கு ஒரு மாதம் முன்னாலிருந்தே யாராவது ஓர் இளவட்டம், புதிதாக வாங்கிய, தோட்டா கட்டும் பிரஸ்ஸின் அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்காமல், என் கொட்டகை வாசலில் வந்து நிற்கும்: "பெரியவரே, எந்த வெடிமருந்து, எத்தனை கிரெய்ன்?" அளவு நான் சொல்வதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது. குண்டு செய்கிற கம்பெனிகளே அச்சிடுகின்றன. அதில் போட்டிருக்கும் தொடக்க அளவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறிப் போ. கையால் கட்டிய தோட்டாவிடம் வேட்டைக்காரன் எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கவே கூடாது என்பதை மட்டும் நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. முதலில் அது சேம்பருக்குள் போக வேண்டும்.

சிரிக்காதே. நான் அறிந்தவரை இதில்தான் அதிகம் பேர் கோட்டை விட்டிருக்கிறார்கள். நானும் விட்டிருக்கிறேன். சுட்ட பித்தளைக் கூட்டின் கழுத்தை மட்டும் டை என்ற அச்சில் இறுக்கினால் கூடு நெடுநாள் உழைக்கும், குறியும் கூடும் என்று இளமையில் யாரோ சொன்னதை வேதமாக எடுத்துக்கொண்டேன். நான்காவது முறை கட்டியபோது கூட்டின் தோள் கொஞ்சம் முன்னேறியிருந்தது. சுடுதளத்தில் போல்ட் சற்று இறுக்கமாகத்தான் மூடியது. பார்த்தும் பாராதவன்போல இருந்துவிட்டேன். மலையில், விறைத்த விரல்களோடு, முதல் குண்டு தப்பிப் போய் இரண்டாவதை ஏற்றினேன். போல்ட் மூடவே இல்லை. 120 கஜத்தில் நின்ற எல்க் மான் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் பைன் மரங்களுக்குள் நடந்து போனது.

அன்றிலிருந்து முழுக்கூட்டையும் டையில் இறக்கி, தோளை அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு பின்தள்ளிவிடுகிறேன். பருவத்துக்கென்று எடுத்துவைக்கும் ஒவ்வொரு தோட்டாவையும், போல்ட்டிலிருந்து ஊசியைக் கழற்றிவிட்டு, அதே துப்பாக்கியில் ஏற்றி இறக்கிப் பார்க்கிறேன். தகராறு செய்வது பயிற்சிக்குப் போகும்.

நீளமும் இதில் சேர்ந்ததுதான். குழலின் வரிப்பள்ளங்களைத் தொடுகிற அளவுக்குக் குண்டை வெளியே நீட்டி வைப்பது மேஜையிலிருந்து சுடுகிறவர்களின் வித்தை. வேட்டைக்காரனின் தோட்டா மேகஸினில் அடங்க வேண்டும். வரியில் சிக்கிய குண்டோடு தோட்டாவை வெளியே இழுத்தால் குண்டு குழலிலேயே தங்கிவிடும். கூடு மட்டும் வரும், மருந்து போல்ட் பகுதி முழுக்கக் கொட்டும். முகாமிலிருந்து ஆறு மைல் தள்ளி அதைக் கழுவிக்கொண்டிருக்க ஆசையா?

2. அப்புறம் அது வெடிக்க வேண்டும்.

மருந்துக்குத் தீ வைக்கும் பிரைமரை அதன் குழியின் அடிவரை அழுத்திப் பதி. கூட்டின் பின்புறத்தை விரலால் தடவினால் மேடு தட்டக் கூடாது. மேடு தட்டினால் ஊசியின் முதல் அடி அதை உள்ளே தள்ளுவதற்கே சரியாகிவிடும். 'டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்கும். மருந்து போட்டானதும், குண்டு பதிக்கும் முன், வரிசையாக நிற்கிற கூடுகள் அத்தனைக்குள்ளும் டார்ச் அடித்துப் பார். மேஜையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். இதில் பேரம் கிடையாது.

3. குறி, போதுமான அளவு.

100 கஜத்தில் அரை அங்குலத்துக்குள் மூன்று துளை போட்ட காகிதத்தைப் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அழகுதான். ஆனால் எல்க்கின் நெஞ்சறை ஒரு பெரிய சாப்பாட்டுத் தட்டின் அகலம். 100 கஜத்தில் ஒன்றரை அங்குலம் பரவும் தோட்டா 300-ல் ஏறக்குறைய நாலரை அங்குலம் பரவும்; அதுவே தாராளம். மேடேறி மூச்சிரைக்க, ஒரு பாறைமேல் சாய்ந்து சுடும்போது உன் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் பெரிய பரவல்.

நான் பார்ப்பது வேறொன்று: குளிர்ந்த குழலிலிருந்து போகும் முதல் குண்டு. ஒரே காகிதத்தை வைத்து, ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேட்டு, பத்து நாள். பத்தும் எங்கே விழுந்தன என்று பார். சூடேறிய குழலில் ஐந்தாவது வேட்டு என்ன செய்தது என்பது மானுக்குத் தெரியப்போவதில்லை.

4. வேகத்துக்கு அலையாதே.

.30-06-ல் 180 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 2,700 அடியில் போவதற்கும் 2,800 அடியில் போவதற்கும், 200 கஜத்தில் குறி வைத்திருந்தால், 300 கஜத்தில் இறக்கத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம்தான் வித்தியாசம். அந்த ஓர் அங்குலத்துக்காகக் கையேட்டின் உச்ச அளவைத் தாண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை விதித்த அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. அதெல்லாம் உன் கன்னத்திலிருந்து ஒரு சாண் தொலைவில் நடக்கிறது. போல்ட் தூக்க முரண்டு பிடித்தால், பிரைமர் தட்டையாய் நசுங்கியிருந்தால், நிறுத்து. இன்னும் ஏற்றலாமா என்று என்னிடம் வந்து கேட்காதே.

வெயிலில் நின்ற பிக்கப்பின் முகப்பில் கிடந்த தோட்டாவில் அழுத்தம் கூடும். ஆகஸ்டில் கட்டி அளந்த வேகம் நவம்பர்ப் பனியில் குறையும். எச்4350 போல வெப்பத்துக்கு அவ்வளவாக அசையாத மருந்துகள் இதற்காகவே வந்தவை. எதுவானாலும் குளிர் தொடங்கியபின் ஒரு காலையில் குறியைச் சரிபார்த்துவிடு.

5. குண்டு.

மற்றதெல்லாம் இதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான்.

ஜான் நோஸ்லர் என்பவர் 1946-ல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்குப் போனார். மேலெல்லாம் சேறு காய்ந்து கிடந்த ஒரு மூஸைச் சுட்டார்; குண்டுகள் உள்ளே போகாமல் மேலேயே சிதறின. கோபத்தோடு திரும்பி வந்தவர், நடுவில் ஒரு செம்புச் சுவர் வைத்த குண்டைக் கடைந்தார். முன்பாதி விரியும், சுவருக்குப் பின்னாலிருக்கும் பாதி குலையாமல் துளைத்துப் போகும். 'பார்ட்டிஷன்' என்ற பெயரில் 1948-லிருந்து விற்பனைக்கு வந்தது, இன்றும் கிடைக்கிறது. வேட்டைக்காரன் குண்டிடம் கேட்பது அதற்குமேல் ஒன்றும் இல்லை: விரி, ஆனால் உடையாதே.

இதை நான் செலவழித்துக் கற்றேன். காகிதத்தில் மிக அழகாகச் சுட்ட, உறை மெலிந்த ஒரு குண்டைக் கட்டிக்கொண்டு போய், 40 கஜத்தில் ஒரு மியூல் டீரின் தோளெலும்பில் அடித்தேன். வேகம் அதிகம், தூரம் குறைவு. குண்டு எலும்பிலேயே பொடிந்துவிட்டது. இரத்தத் துளிகளைப் பார்த்துப் பார்த்து இரண்டு கிலோமீட்டர் போய், இருட்டும் நேரத்தில்தான் அதை முடித்துவைக்க முடிந்தது. அது பட்ட பாட்டுக்கு நான்தான் பொறுப்பு. எதிர்ப்பக்கமும் உண்டு: தொலைவில் போய் வேகம் தளர்ந்த குண்டு விரியவே விரியாது. பல வேட்டைக் குண்டுகளுக்கு வினாடிக்கு 1,800 அடிதான் கீழெல்லை. உன் குண்டு எத்தனை கஜத்தில் அந்த வேகத்துக்கு இறங்குகிறதோ அதுதான் உன் எல்லை, துணிச்சல் எதுவரை போனாலும்.

ஈயமே இல்லாத முழுச்செம்புக் குண்டுகளை 1989-ல் பார்ன்ஸ் கம்பெனி கொண்டுவந்தது. கலிஃபோர்னியாவில் 2013-ல் சட்டம் போட்டு, 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டையே தடுத்துவிட்டார்கள். வேட்டைக்காரன் விட்டுப்போகும் குடலில் ஈயத் துணுக்குகள் இருக்கும். அதைத் தின்று கான்டார் கழுகுகள் நஞ்சேறிச் சாகின்றன என்பதுதான் காரணம். இங்கே அப்படிச் சட்டம் இல்லை. ஆனாலும் நான் மாறிவிட்டேன், என் பேரக்குழந்தைகளும் அந்த இறைச்சியைத்தானே தின்கிறார்கள். ஒன்று கவனி: செம்பு ஈயத்தைவிட லேசு, அதனால் அதே எடைக்குக் குண்டு நீளம். கூட்டுக்குள் அதிக இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஈயக் குண்டுக்குப் போட்ட மருந்தளவை இதற்கு வைத்துவிடாதே, அதற்கென்று உள்ள பக்கத்தைப் பார். எடையும் ஒரு படி குறைத்துக்கொள்ளலாம்.

6. தாத்தாவின் லீவர் .30-30 வைத்திருப்பவர்களுக்கு மட்டும்: குழாய் மேகஸினில் தோட்டாக்கள் ஒன்றின் பின்புறத்தில் அடுத்ததன் மூக்கு முட்டியபடி நிற்கும். கடினமான கூர்முனைக் குண்டு முன்தோட்டாவின் பிரைமரைக் குத்திவிடும். தட்டை மூக்கு, அல்லது இதற்கென்றே வரும் மெத்து நுனி. குண்டு உள்ளே நழுவாதபடி கூட்டின் வாயை மடித்தும் விடு.

7. காசு மிச்சமாகும் என்று வீட்டில் சொல்லாதே. ஆகாது. இரண்டு மடங்கு சுடுவாய். 2020-க்குப் பிறகு பிரைமருக்குக் கடை கடையாக அலைந்தோமே, அதுபோன்ற காலத்துக்குக் கொஞ்சம் சேர்த்து வைத்தால் போதும். மருந்து டப்பாவின் லாட் எண் மாறினால் கீழிருந்து மறுபடி தொடங்கு.

8. பெட்டியில் சீட்டு ஒட்டு: குண்டு, மருந்து, எடை, பிரைமர், தேதி, எந்தத் துப்பாக்கி. சீட்டில்லாத தோட்டாவை, அது என்னவென்று உனக்கு நன்றாக நினைவிருப்பதாகத் தோன்றினாலும், சுடாதே, பிரித்துப் போடு. மற்றவன் கட்டிய தோட்டாவும் அப்படித்தான். நான் கட்டியதாக இருந்தாலும் சரி.

போன பருவத்துக்கு இருபது கட்டினேன். இரண்டு செலவாயின: முகாமுக்குப் போன மாலை குறி பார்க்க ஒன்று, ஆறாம் நாள் காலை எல்க்குக்கு ஒன்று. பதினெட்டு அலமாரியில் இருக்கின்றன.